டி.ஜி.பி. ஆக எத்தனை வருடம் ஆகும்? பிறந்த தேதியிலிருந்து ஒரு கணக்கு

கேள்வி இது: “என் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். டி.ஜி.பி. ஆவேன் என்று பிடிவாதமாக இருக்கிறாள். ஐ.பி.எஸ். பாஸ் பண்ணிவிட்டால் நிச்சயம் ஆகிவிடலாமா, எத்தனை வருடம் பிடிக்கும்? என் மைத்துனர் போலீஸில் ஏட்டு. கான்ஸ்டபிளாகச் சேர்ந்தாலும் மேலே போகலாம் என்கிறார். அது உண்மையா?”

நான் காக்கி போட்டவன் இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மாவட்டக் காவல் அலுவலகத்தில் அமைச்சுப் பணியாளன், அதாவது சீருடை இல்லாத எழுத்து வேலை. இளநிலை உதவியாளராகச் சேர்ந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றேன். அலுவலகக் கண்காணிப்பாளர்தான், காவல் கண்காணிப்பாளர் இல்லை. இந்தக் குழப்பத்தில் கல்யாணப் பத்திரிகையில் என்னை எஸ்.பி. ஆக்கிய சொந்தக்காரர்கள் உண்டு. ஆனால் எஸ்.பி.க்கள் வருவதையும் போவதையும் பக்கத்தில் இருந்து பார்த்தவன். ஒருவர் பொறுப்பை ஒப்படைத்து இன்னொருவர் ஏற்கும்போது கையெழுத்தாகும் சி.டி.சி. படிவத்தை எத்தனையோ முறை நானே தட்டச்சு செய்து மேஜையில் வைத்திருக்கிறேன். போகிறவரும் வருகிறவரும் பச்சை மையில் கையெழுத்துப் போட்டதும், அதுவரை “அய்யா” என்று நின்ற மொத்தக் கட்டிடமும் ஐந்து நிமிடத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பதவி என்றால் என்ன என்று நான் அங்கேதான் படித்தேன்.

கேள்விக்கு வருகிறேன். டி.ஜி.பி. ஆவாரா மாட்டாரா என்பதில் பாதி, அவர் எந்த வயதில் பரீட்சை பாஸ் செய்கிறார் என்பதிலேயே முடிந்துவிடுகிறது. மீதிப் பாதியில் திறமை, பெயர், அரசியல், அதிர்ஷ்டம் எல்லாம் சேர்ந்து கிடக்கின்றன. இதை யாரும் பயிற்சி வகுப்பில் சொல்லித் தருவதில்லை.

ஏணியைப் பார்ப்போம். யு.பி.எஸ்.சி. குடிமைப் பணித் தேர்வில் ஐ.பி.எஸ். கிடைத்தவர்களுக்கு முசௌரியில் சில மாதம் அடிப்படைப் பயிற்சி. பிறகு ஐதராபாத்தில் இருக்கும் சர்தார் வல்லபாய் படேல் தேசிய போலீஸ் அகாடமி. 1948இல் மவுன்ட் அபுவில் தொடங்கிய அந்த அகாடமி 1975இல் ஐதராபாத்துக்கு மாறியது. குதிரையேற்றம், நீச்சல், துப்பாக்கி, சட்டம், தடயவியல் எல்லாம் அங்கே. நடுவில் சில மாதம் ஒதுக்கப்பட்ட மாநிலத்துக்கு அனுப்புவார்கள். கான்ஸ்டபிள் வேலையிலிருந்து இன்ஸ்பெக்டர் வேலை வரை கூடவே இருந்து பார்க்க வேண்டும். கொஞ்ச நாள் ஒரு ஸ்டேஷனையே தனியாக நடத்த வேண்டும். அதன்பின் ஏ.எஸ்.பி.யாக ஒரு உட்கோட்டம், அதாவது சில ஸ்டேஷன்கள் சேர்ந்த பகுதி. நம் ஊரில் டி.எஸ்.பி. உட்காரும் அதே நாற்காலிதான்.

அதற்குப் பிறகு காலண்டர்தான் பேசும். பணியில் 4 ஆண்டு முடிந்தால் எஸ்.பி. ஆவதற்கான ஊதிய நிலை. 14இல் டி.ஐ.ஜி., 18இல் ஐ.ஜி., 25இல் ஏ.டி.ஜி.பி., 30இல் டி.ஜி.பி. இவை தகுதி வரும் ஆண்டுகள். இடம் காலியாக இருக்க வேண்டும், பெயரில் விசாரணை எதுவும் நிலுவையில் இருக்கக் கூடாது. அவ்வளவு இருந்தால் பெரும்பாலும் ஒரு பேட்ச், அதாவது ஒரே ஆண்டுத் தேர்வில் வந்தவர்கள், முழுக்கச் சேர்ந்தே ஏறும். அடிப்படைச் சம்பளம் ஏழாவது ஊதியக் குழுவின்படி ஏ.எஸ்.பி.க்கு 56,100 ரூபாயில் தொடங்கி, ஐ.ஜி.க்கு 1,44,200, டி.ஜி.பி. தகுதிக்கு 2,05,400, மாநிலப் படைத் தலைவருக்கு 2,25,000 என்று போகும். தோளைப் பார்த்தும் கண்டுபிடிக்கலாம். எஸ்.பி.க்கு அசோகச் சின்னமும் ஒரு நட்சத்திரமும், டி.ஐ.ஜி.க்குச் சின்னத்தோடு மூன்று நட்சத்திரம். ஐ.ஜி.க்குக் குறுக்காக வைத்த வாளும் கோலும், ஒரு நட்சத்திரமும். ஏ.டி.ஜி.பி.க்கும் டி.ஜி.பி.க்கும் தோள் ஒன்றுதான்: வாளும் கோலும், மேலே சின்னம். அதனால் படத்தைப் பார்த்து “டி.ஜி.பி. வந்தார்” என்று எழுதும் பத்திரிகைகள் அடிக்கடி சறுக்கும்.

இப்போது கணக்கு. ஓய்வு வயது 60. டி.ஜி.பி. ஆகப் பொதுவாக 30 ஆண்டுப் பணி வேண்டும். 24 வயதில் சேர்ந்தவருக்கு 54இல் அந்தத் தகுதி வருகிறது. கையில் இன்னும் 6 வருடம். 28இல் சேர்ந்தவருக்கு 58இல் வரும். கையில் 2 வருடம். 31இல் சேர்ந்தவருக்கு 61இல் வரும், அப்போது அவர் வீட்டில் பேரனைப் பள்ளிக்கு அழைத்துப் போய்க்கொண்டிருப்பார். அவர் எவ்வளவு கெட்டிக்காரர் என்பதற்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை.

இன்னொரு கசப்பான விஷயமும் இதில் ஒளிந்திருக்கிறது. தேர்வு எழுத உச்ச வயது பொதுப் பிரிவுக்கு 32, பிற்படுத்தப்பட்டோருக்கு 35, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 37. சலுகை நியாயமானது, தேவையானது. முதல் தலைமுறையாகப் படித்து, வேலைக்குப் போய்க்கொண்டே, வீட்டுக் கடனையும் அடைத்துக்கொண்டே எழுதுகிறவருக்கு வயது ஏறாமல் என்ன செய்யும்? ஆனால் 36, 37இல் உள்ளே வருகிறவர் 18 ஆண்டில் ஐ.ஜி. ஆகும்போது வயது 54, 55. ஏ.டி.ஜி.பி.க்குத் தகுதி வருவதற்குள் ஓய்வு வந்துவிடும். வாசலைத் திறந்துவிட்டோம், மாடிப்படியைச் சுருக்கவில்லை. “இத்தனை வருட இட ஒதுக்கீட்டுக்குப் பிறகும் உச்சிப் பதவியில் ஏன் குறைவு?” என்று கேட்கிறவர்கள் இந்தக் கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும். காரணம் இது ஒன்றுதான் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கண்ணுக்குத் தெரியாமல் வேலை செய்யும் காரணம் இது.

பிறந்த நாளிலும் ஒரு நுணுக்கம் உண்டு. பிறந்த மாதத்தின் கடைசி நாளில்தான் ஓய்வு. ஆனால் 1ஆம் தேதி பிறந்தவர் முந்தைய மாதக் கடைசியிலேயே போய்விட வேண்டும். பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் சௌகரியத்துக்கு ஜூன் 1 என்று எழுதிவைத்த பலருக்கு மே 31 அன்றே பிரிவு உபசார விழா நடந்ததைப் பார்த்திருக்கிறேன்.

சரி, 30 ஆண்டு முடித்தால் டி.ஜி.பி.தானே என்றால், இங்கே ஒரு வித்தியாசம் தெரிய வேண்டும். டி.ஜி.பி. தகுதியில் ஒரே நேரத்தில் பல பேர் இருப்பார்கள். தீயணைப்புத் துறை, பயிற்சி, காவலர் வீட்டு வசதிக் கழகம், சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் என்று ஒவ்வொன்றிலும் ஒருவர். உங்கள் மகள் மனத்தில் இருப்பது இவர்கள் இல்லை. சென்னை மெரினாவுக்கு எதிரே காமராஜர் சாலையில் இருக்கும் அந்த வெள்ளைக் கட்டிடத்தில் உட்காருகிறவர். சட்டம் ஒழுங்கு டி.ஜி.பி. என்று நாம் சொல்கிறோம். படைத் தலைவர் என்பது ஆணையில் வரும் பெயர். அந்த நாற்காலி ஒன்றே ஒன்று.

அதற்கு ஆளை எப்படிப் பொறுக்குகிறார்கள் என்பது 2006 வரை முழுக்க முழுக்க முதலமைச்சர் விருப்பம். உத்தரப் பிரதேசத்திலும் அசாமிலும் டி.ஜி.பி.யாக இருந்த பிரகாஷ் சிங் 1996இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். பத்து வருடம் கழித்து, 2006 செப்டம்பர் 22 அன்று தீர்ப்பு வந்தது. மாநிலம் பெயர்களை யு.பி.எஸ்.சி.க்கு அனுப்ப வேண்டும். பணி மூப்பு, பணிப் பதிவு, அனுபவம் பார்த்து அது மூன்று பேரைத் தேர்ந்து தரும். அந்த மூவரில் ஒருவரை மாநிலம் வைத்துக்கொள்ளலாம். வைத்தவரை, ஓய்வு வயது வந்தாலும் வராவிட்டாலும், குறைந்தது 2 ஆண்டு விட்டுவைக்க வேண்டும். 2018இல், பொறுப்பு டி.ஜி.பி. என்று யாரையும் போடாதீர்கள் என்றும் நீதிமன்றம் சொன்னது. 2019இல், ஓய்வுக்குக் குறைந்தது 6 மாதமாவது பாக்கி இருப்பவரைத்தான் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று தெளிவுபடுத்தியது.

இந்த 2 ஆண்டு விதி நம் ஊரில் எப்படி விளையாடியது என்று பாருங்கள். டி.கே. ராஜேந்திரன் 2017 ஜூன் 30 அன்று ஓய்வு பெற வேண்டியவர். அன்றைக்கே 2 ஆண்டுக்கு டி.ஜி.பி. ஆக ஆணை வந்தது. அவர் 2019 ஜூன் 30 வரை இருந்தார். அவருக்குப் பின் ஜே.கே. திரிபாதி, 2021 ஜூன் 30 வரை. அவருக்குப் பின் சி. சைலேந்திர பாபு, 2023 ஜூன் 30 வரை. அவருக்குப் பின் சங்கர் ஜிவால். ஏன் எப்போதும் மாதக் கடைசி, அதுவும் ஜூன் கடைசி என்று யாராவது கேட்டால் காரணம் இந்தச் சங்கிலிதான். ஜிவால் 2025 ஆகஸ்ட் 31 அன்று ஓய்வு பெற்றபோது சங்கிலி அறுந்தது. முழுநேர டி.ஜி.பி. போடாமல் ஜி. வெங்கட்ராமனைப் பொறுப்பு டி.ஜி.பி.யாக வைத்தார்கள், 2018 உத்தரவை நினைவுபடுத்தி விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. நீதிமன்றம் வாசலைச் சாத்தினால் அரசாங்கம் ஜன்னலைத் தேடும். எந்தக் கட்சி ஆண்டாலும் இதுதான் வழக்கம்.

சைலேந்திர பாபு கதையை மகளிடம் கொஞ்சம் விரிவாகவே சொல்லுங்கள். கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர். வேளாண்மைப் பட்டதாரி. 1962 ஜூனில் பிறந்தவர், 1987 பேட்ச். அதாவது 25 வயதில் உள்ளே. கோபிசெட்டிபாளையத்தில் ஏ.எஸ்.பி., பிறகு சில மாவட்டங்களில் எஸ்.பி., 2010இல் செம்மொழி மாநாடு நடந்த சமயத்தில் கோவை மாநகர ஆணையர், வடக்கு மண்டல ஐ.ஜி. இதுவரை எல்லாம் செய்தித்தாளில் படம் வரும் பதவிகள். அப்புறம் கடலோரப் பாதுகாப்பு, சிறைத்துறை, ரயில்வே போலீஸ், தீயணைப்பு என்று வருடக் கணக்கில் ஓடியது. போலீஸ் வட்டாரத்தில் இவற்றுக்கு ‘சைடு போஸ்டிங்’ என்று பெயர். அவர் சும்மா இருக்கவில்லை. சைக்கிள் ஓட்டினார், புத்தகம் எழுதினார், கல்லூரி கல்லூரியாகப் போய்ப் பேசினார். 2021இல் ஆட்சி மாறியது, பட்டியலில் பெயர் இருந்தது, நாற்காலி வந்தது. 2022 ஜூனில் 60 வயது முடிந்தும் 2 ஆண்டு விதி அவரை 2023 வரை உட்கார வைத்தது. அவரே 31 வயதில் பாஸ் செய்திருந்தால் இந்தக் கதையின் கடைசி அத்தியாயம் நடந்தே இருக்காது.

பெண் பிள்ளை என்பதால் லத்திகா சரண் பெயரையும் சொல்ல வேண்டும். 1976 பேட்ச். தமிழ்நாட்டு போலீஸில் ஐ.பி.எஸ். ஆகச் சேர்ந்த முதல் பெண்கள் அவரும் திலகவதியும். திலகவதி பின்னாளில் சாகித்ய அகாதெமி விருதும் வாங்கினார். லத்திகா சரண் 2006இல் சென்னையின் முதல் பெண் ஆணையர், 2010 ஜனவரியில் மாநிலத்தின் முதல் பெண் டி.ஜி.பி. ஆனால் அந்த நியமனத்தை இன்னொரு மூத்த அதிகாரி எதிர்த்து வழக்குப் போட்டார். யு.பி.எஸ்.சி. வழியாகப் பட்டியல் வாங்கவில்லை என்று உயர் நீதிமன்றம் நியமனத்தை ரத்து செய்தது. பிறகு முறைப்படி பட்டியல் வந்து, அதே ஆண்டு முடிவதற்குள் அவரே மறுபடியும் நியமிக்கப்பட்டார். 2011 மே மாதம் ஆட்சி மாறியதும் கே. ராமானுஜம் அந்த இடத்துக்கு வந்தார். ஒரே ஆளின் ஒன்றரை வருடத்துக்குள் விதி, வழக்கு, அரசியல் மூன்றும் வந்து போனதைப் பாருங்கள்.

வட இந்தியப் பெயர்கள் அடிக்கடி வருகின்றனவே என்று கேட்பீர்கள். ஒவ்வொரு மாநிலத்துக்கும் நேரடி ஐ.பி.எஸ். ஆட்களில் மூன்றில் ஒரு பங்குதான் உள்ளூர்க்காரர், இரண்டு பங்கு வெளியூர்க்காரர் என்பது ஒதுக்கீட்டு முறை. திரிபாதி ஒடிசாக்காரர், ஜிவால் உத்தராகண்ட்காரர். உங்கள் மகள் பாஸ் செய்தாலும் அவளுக்கு ஜார்க்கண்டோ அசாமோ கிடைக்கலாம். மெரினா கட்டிடக் கனவு அன்றைக்கே ராஞ்சிக்கோ குவாஹாட்டிக்கோ இடம் மாறும். கோவைப் பக்கத்துக்காரரான டி.ஆர். கார்த்திகேயன் கர்நாடக கேடர், அதாவது அந்த மாநிலத்துக்கு ஒதுக்கப்பட்டவர். ராஜீவ் கொலை வழக்கின் சிறப்புப் புலனாய்வுக் குழுவை நடத்தினார், சி.பி.ஐ. இயக்குநராகவும் இருந்தார். இதை முன்கூட்டியே வீட்டில் பேசிக்கொள்வது நல்லது. பாஸ் ஆன பிறகு அழுது பிரயோஜனமில்லை.

அந்த நாற்காலியில் உட்காராமலே பெரிய பெயர் எடுத்தவர்களும் உண்டு. கே. விஜயகுமார் 1975 பேட்ச். ராஜீவ் காந்தி காலத்தில் பிரதமர் பாதுகாப்புக்கான எஸ்.பி.ஜி., பிறகு காஷ்மீரில் எல்லைப் பாதுகாப்புப் படை, சென்னை ஆணையர், அதிரடிப்படைத் தலைவர். 2004 அக்டோபர் 18 இரவு பாப்பாரப்பட்டி அருகே வீரப்பன் கதை முடிந்தது அவர் தலைமையில்தான். ஐதராபாத் அகாடமியின் இயக்குநராக இருந்தார். 2010 ஏப்ரலில் தண்டேவாடாவில் மாவோயிஸ்ட் தாக்குதலில் 76 பேர் இறந்த பிறகு, அதே ஆண்டு சி.ஆர்.பி.எஃப். படையின் தலைமை அவரிடம் வந்தது. தமிழ்நாட்டின் சட்டம் ஒழுங்கு டி.ஜி.பி.யாக அவர் இருந்ததே இல்லை. எம்.கே. நாராயணன் நம் கேடர்தான், 1955 பேட்ச். உளவுத் துறையிலேயே வாழ்நாள் போயிற்று, பிறகு தேசியப் பாதுகாப்பு ஆலோசகர், ஆளுநர். அர்ச்சனா ராமசுந்தரம் 1980 பேட்ச். 2014இல் மாநிலம் விடுவிக்கும் முன்பே சி.பி.ஐ.யில் போய்ச் சேர்ந்தார் என்று மாநில அரசு அவரை சஸ்பெண்ட் செய்தது. இரண்டு வருடம் கழித்து சசஸ்திர சீமா பல் படைக்குத் தலைவரானார். மத்திய ஆயுதப் படை ஒன்றுக்குத் தலைமை ஏற்ற முதல் பெண் அவர். டெல்லிக்கும் சென்னைக்கும் நடுவில் நிற்கும் அதிகாரியின் கால் எப்போதும் இரண்டு படகில் இருக்கும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

இவ்வளவு சொன்ன பிறகு, என்னைக் கேட்டால் இந்த ஏணியில் உண்மையான பதவிகள் இரண்டுதான் என்பேன். ஒன்று உட்கோட்டத்து ஏ.எஸ்.பி., இன்னொன்று மாவட்ட எஸ்.பி. டி.ஐ.ஜி.க்குச் சரகம், ஐ.ஜி.க்கு மண்டலம், இரண்டும் மேற்பார்வைதான். கோப்பு வரும், ஆய்வுக்குப் போவார்கள். ஊர் ஜனங்களுக்குப் போலீஸ் என்றால் இந்த இரண்டு நாற்காலிகள்தான். ஒரு ஆள் எப்படிப்பட்டவர் என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.

எங்கள் மாவட்டத்தில் ஒரு ஏ.எஸ்.பி. வந்தார். வடக்கத்திக்காரர், 26 வயது இருக்கும். அவர் பேசியது போலீஸ் அகாடமியில் படித்த தமிழ். “நீங்கள் எவ்விடத்திலிருந்து வருகிறீர்கள்” என்று கேட்பார், ஸ்டேஷன் ரைட்டர் சிரிப்பை அடக்கப் படாத பாடு படுவார். சேர்ந்த மூன்றாம் வாரம் இரவு ஏழரை மணிக்கு மைக்கில் செய்தி: நெடுஞ்சாலையில் லாரி மோதிப் பள்ளிக்கூடத்துப் பையன் இறந்துவிட்டான், ஊரே மறியல், பாடியை எடுக்க விடவில்லை, இரண்டு பக்கமும் வண்டிகள் நிற்கின்றன. இவர் போய் இறங்கினார். கூடப் போன டிரைவர் எனக்குச் சொன்னது இது. வழக்கமாக அதிகாரிகள் நின்றுகொண்டு பேசுவார்கள், ஜனம் தரையில் உட்கார்ந்திருக்கும். இவர் தொப்பியைக் கழற்றி டிரைவர் கையில் கொடுத்துவிட்டு, பையனின் தாத்தா பக்கத்தில் தார் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “அய்யா, வேகத்தடை எந்த இடம்?” என்று மட்டும் கேட்டார். பெரியவர் கை காட்டினார். இவர் எழுந்து, ஜீப்பில் விபத்து இடத்தைக் குறிக்க வைத்திருக்கும் சாக்பீஸை எடுத்து, சாலையின் குறுக்கே கோடு போட்டார். “இங்கே?” கூட்டத்திலிருந்து ஒருவர், “இல்லை சார், இன்னும் பத்தடி தள்ளி, பஸ் ஸ்டாப்புக்கு முன்னாடி” என்றார். அழித்துவிட்டு மறுபடி போட்டார். மறியல் செய்ய வந்தவர்கள் அரை மணி நேரத்தில் வேகத்தடை எங்கே வர வேண்டும் என்று தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தார்கள். தாசில்தார் வந்து சேரும்போது பாடி ஆம்புலன்ஸில் ஏறியிருந்தது. ஒரு லத்தி உயரவில்லை.

வேகத்தடை வர நான்கு மாதம் ஆயிற்று. நெடுஞ்சாலைத் துறைக்கு அவர் அனுப்பிய நினைவூட்டல் கடிதங்களை மெல்லத் தட்டச்சு செய்துகொண்டிருந்தவன் நான். ஐந்தாவது கடிதத்தில் எனக்கே சலித்துவிட்டது, அவருக்குச் சலிக்கவில்லை. அந்த மனிதர் இப்போது வேறு மாநிலத்தில் மத்தியப் பணியில் இருக்கிறார். படைத் தலைவர் ஆக மாட்டார். பரீட்சையில் மூன்று முறை தவறிப்போய்த் தாமதமாகச் சேர்ந்தவர் இல்லை இவர், வயது சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அவருக்கு முன்னால் இரண்டு பெரிய பேட்ச்கள் நிற்கின்றன, அவர்களில் பலருக்கும் வயது குறைவு. முன்வரிசையில் இளையவர்கள் இருந்தால் பின்வரிசைக்காரர் எழவே முடியாது. இதைத்தான் நான் அதிர்ஷ்டம் என்று மேலே எழுதினேன்.

எஸ்.பி. வேலை இன்னும் கடினம். காலையில் மாவட்டம் முழுக்க நடந்ததை ஸ்பெஷல் பிராஞ்ச் இன்ஸ்பெக்டர் வந்து ஒப்பிப்பார். பிறகு மனுதாரர்கள், கொலை வழக்குக் கோப்பு, கோயில் திருவிழா பந்தோபஸ்து, அமைச்சர் வருகை, தண்டனைக் கோப்புகள், விடுப்பு விண்ணப்பங்கள். 2,000 பேருக்கு மேற்பட்ட ஒரு படையின் கல்யாணம், கருமாதி, கடன், குடிப்பழக்கம் எல்லாம் அந்த மேஜைக்கு வரும். சாதிக் கலவரம் ஒன்று கையை மீறினால் மறுநாளே மாற்றல். சிலருக்குக் கட்டாயக் காத்திருப்பு, அதாவது எந்தப் பதவியும் தராமல் காத்திருக்க வைப்பது. பிரகாஷ் சிங் தீர்ப்பு எஸ்.பி.க்கும் ஸ்டேஷன் அதிகாரிக்கும் கூடத்தான் 2 ஆண்டு சொல்கிறது. நான் பார்த்த வரையில் 2 ஆண்டை முழுசாக முடித்த எஸ்.பி.க்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இனி மைத்துனர் சொன்னது. அவர் சொன்னதில் பாதி சரி. கான்ஸ்டபிளாகச் சேர்ந்தால் நம் மாநிலத்தில் நெடுங்காலம் இருந்த கணக்கு: 10 ஆண்டில் முதல்நிலைக் காவலர், அடுத்த 5இல் ஏட்டு, அடுத்த 10இல் எஸ்.எஸ்.ஐ. என்னும் சிறப்பு சப்-இன்ஸ்பெக்டர். மொத்தம் 25 ஆண்டு. அந்த வழியில் டி.ஜி.பி. நாற்காலி இல்லை, கணக்கு அங்கே போகவே போகாது. நேரடி எஸ்.ஐ. ஆகச் சேர்ந்தவர் இன்ஸ்பெக்டர், டி.எஸ்.பி. ஆகி, நல்ல வேளை இருந்தால் ஏ.டி.எஸ்.பி.யாக ஓய்வு பெறுவார். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1 எழுதி நேரடி டி.எஸ்.பி. ஆனால் நிலைமை வேறு. வண்டலூர் பக்கம் ஊனமாஞ்சேரி அகாடமியில் பயிற்சி, உட்கோட்டம், ஏ.டி.எஸ்.பி., எஸ்.பி. டி.எஸ்.பி. பணியில் 8 ஆண்டு முடித்தவர்களை ஐ.பி.எஸ். அந்தஸ்துக்குப் பரிசீலிக்கலாம், மாநிலத்தின் மூத்த பணியிடங்களில் அதிகபட்சம் மூன்றில் ஒரு பங்கு இப்படி நிரம்பும். ஆனால் மாநிலப் பணியில் கழித்த வருடங்களில் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டுதான் பேட்ச் ஆண்டு தருவார்கள். அதனால் 50 வயதை நெருங்கும்போது பத்து வருடம் இளைய நேரடி ஐ.பி.எஸ். அதிகாரிக்கு இவர் சல்யூட் அடித்துக்கொண்டிருப்பார். டி.ஐ.ஜி., ஐ.ஜி. வரை போனவர்கள் உண்டு, அதற்கே வயதும் பேட்சும் கூடிவர வேண்டும்.

ஆனால் மைத்துனரின் மீதிப் பாதியையும் விட்டுவிடக் கூடாது. கான்ஸ்டபிளாகவோ எஸ்.ஐ. ஆகவோ இருந்துகொண்டே யு.பி.எஸ்.சி. எழுதித் தேறியவர்கள் இந்தியாவில் இருக்கிறார்கள். அப்போது அவர் கீழே இருந்து ஏறவில்லை, வெளியே போய் வேறு வாசல் வழியாக உள்ளே வருகிறார். பாரா டியூட்டியில் நின்றவர் ஏ.எஸ்.பி. ஆனால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ராத்திரி ரெண்டு மணிக்கு ஸ்டேஷன் வாசலில் நிற்பது என்றால் என்ன என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மறுபடியும் குறுக்கே நிற்பது வயதுதான்.

உங்கள் மகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. எந்தப் பட்டம் என்பது முக்கியமில்லை. சைலேந்திர பாபு வேளாண்மை, ஜிவால் பொறியியல். உயரம் பெண்களுக்குப் பொதுவாக 150 செ.மீ. கேட்பார்கள், கண் பார்வைக்கும் தர அளவு உண்டு, இப்போதே ஒரு நல்ல கண் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். பட்டம் 20, 21இல் முடியும். 21 வயதிலிருந்து எழுதலாம். 23, 24இல் பாஸ் ஆனால் மேலே போட்ட கணக்கில் அவள் பெயர் தாராளமாக உட்காரும். 27, 28 ஆனாலும் பரவாயில்லை, ஆனால் அப்போது பிறந்த மாதத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். “ஒரு வருடம் வேலை பார்த்துவிட்டு, இன்னொரு வருடம் கோச்சிங் போய்விட்டு” என்று 21, 22இல் தள்ளிப்போடும் இரண்டு வருடம், 58 வயதில் வந்து கதவைத் தட்டும். அன்றைக்கு யாருக்கும் அது நினைவிருக்காது, அந்தக் கோப்பைத் தட்டச்சு செய்கிறவனுக்கு மட்டும் தெரியும்.

நீங்கள் மகளின் பிறந்த தேதியை எழுதவில்லை. 1ஆம் தேதியாக மட்டும் இருந்தால், கணக்கில் ஒரு மாதத்தை இப்போதே கழித்துக்கொள்ளுங்கள்.